வளை இடம் மாறுவதில்லை

போன ஆவணியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய தோட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவன் நான். "தம்பி, பண்ணைக் குட்டை வெட்டுகிறோம். நாலடிக்குக் கீழே எலும்பாக வருகிறது. மாட்டு எலும்பு மாதிரியும் தெரியவில்லை. நீங்கள் வந்து பார்த்துச் சொன்னால்தான் பொக்லைன்காரர் மேற்கொண்டு வெட்டுவேன் என்கிறார்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குட்டையைச் சுற்றி இருபது பேர் நின்றிருந்தார்கள். வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்து, வெட்டி எடுத்த துண்டுகளை வரிசையாக அடுக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார் அந்த வீட்டு அம்மா. வெள்ளைத் துண்டுகள். சில சுண்டுவிரல் கனம், சில மணிக்கட்டுக் கனம். ஒன்றிரண்டு கவையாகப் பிரிந்திருந்தன. எல்லாவற்றிலும் நடுவே ஒரு துளை. எலும்பு என்று அவர்கள் நினைத்ததில் எந்தத் தவறும் இல்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது எனக்குமே நெஞ்சு படபடத்தது.

பையில் எப்போதும் ஒரு சிறு குப்பியில் நீர்த்த அமிலம் வைத்திருப்பேன். ஒரு துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. கைலென்ஸை வைத்துப் பார்த்தேன். எலும்பானால் உள்ளே தேனடை போல நுண்ணிய அறைகள் இருக்கும். இதில் துளையைச் சுற்றி வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அப்புறம் குட்டைக்குள் இறங்கி, சுவரில் இன்னும் பதிந்தபடி நின்ற துண்டுகளைப் பார்த்தேன். மேலிருந்து கீழே போகப் போக அவை மெலிந்துகொண்டே போயின. கிளை பிரியும் இடத்திலெல்லாம் கிளை தாயைவிடச் சிறுத்திருந்தது. சந்தேகம் தீர்ந்தது. அவை வேர்கள்.

வேர்கள் என்று சொல்வதும் முழுச் சரியில்லை. வேர் என்றோ மக்கிப் போய்விட்டது. மழைக்காலத்தில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வேர் அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது. சுண்ணாம்பில் பெரும்பகுதி வெளியே தங்கிவிடுகிறது. கோடையில் மண் காயக் காய அந்தச் சுண்ணாம்பு வேரின் மேல் உறையாக இறுகுகிறது. மழையும் கோடையும் மாறி மாறி வந்து உறை தடிக்கிறது. மரம் பட்டுப்போய் வேர் மக்கிய பிறகும் உறை நிற்கிறது. நடுத்துளை, வேர் இருந்த இடம். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சுக்கான்கல்தான் இது. வேரைச் சுற்றி உருவானதால் வேரின் வடிவத்தை வாங்கிக்கொண்டது.

பெரியவரிடம் சொன்னேன். முகத்தில் ஏமாற்றம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேர் இங்கே இருக்கிறது. அப்படியானால் மரம் நின்ற தரை எங்கே?" என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இருவரும் சுவரைப் பார்த்தோம். வேர் உறைகள் எல்லாம் ஒரே மட்டத்திலிருந்துதான் கீழே கிளம்பின. அந்த மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மண் சற்றுக் கறுத்திருந்தது. அதற்கு மேலே நாலடி செம்மண். அதில் ஒரு உறைகூட இல்லை. "உங்கள் தோட்டத்தின் தரை ஒரு காலத்தில் இதுதான். மேலே இருப்பது பிறகு வந்து மூடிய மண்" என்றேன். அவர் அந்தக் கறுப்புப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு இருந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நிலத்தடி நீர் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். மின்தடை அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை என்று சுற்றுவேன். இந்தக் கொங்கு நாட்டின் பாறை எனக்கு நன்றாகத் தெரியும். நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும்பாறைகள், இடையிடையே வெங்கச்சங்கல் என்ற வெள்ளைப் படிகக் கல். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கும் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 ஊர்தியைச் சோதித்துப் பார்க்கச் செயற்கை நிலவு மண் செய்ய அங்கிருந்துதான் கல் போனது. பெருமைதான். ஆனால் பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறிய இந்தப் பாறைகளில் உயிரின் அடையாளம் எதையும் தேட முடியாது. சங்கு இல்லை, மீன் இல்லை, இலை இல்லை. கொங்கு நாட்டில் பிறந்து தொல்லுயிர்ப் படிவங்கள் மேல் ஆசை வைத்தவன் கிழக்கே பஸ் ஏற வேண்டும்.

நானும் ஏறினேன். 1996ஆம் ஆண்டு, பட்டமேற்படிப்பில் இருந்தபோது, கல்லூரியிலிருந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பத்து நாள் களப்பயணம் போனோம். காரைக் கிராமத்துக்கு வெளியே மழை அரித்த களிமண் மேடுகள். வெயிலில் ஜிப்சம் கண்ணாடித் தூள் போல மின்னும். குனிந்தால் போதும், கையில் ஏதாவது கிடைக்கும். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட், தோட்டா போன்ற பெலம்னைட். எல்லாம் கடல்வாழ் உயிர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மேற்கே, நம் பக்கம், அப்போதும் கரைதான். பைகளை நிரப்பிக்கொண்டோம். எங்கள் பேராசிரியர் எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாத்தனூர் போனோம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன கல்மரம் அங்கே இருக்கிறது. 18 மீட்டர் நீளம், அப்படியே படுத்திருக்கிறது. பேராசிரியர் எங்களைச் சுற்றி நிற்கவைத்து, "இந்த மரம் இந்த இடத்தில் வளர்ந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "சுற்றியிருக்கும் கல்லில் கடற்சிப்பி இருக்கிறதே, கடலுக்குள்ளா மரம் வளர்ந்தது?" என்றார். நிலத்தில் வளர்ந்த மரம், வெள்ளத்தில் வந்து, கடலில் மிதந்து, ஊறிக் கனத்து, அடியில் போய்ப் படுத்துக் கல்லாகியிருக்கிறது. அவ்வளவு பெரிய சாட்சி நம்மிடம் சொல்வது தான் கடைசியாகப் படுத்த இடத்தைத்தான். தான் வாழ்ந்த இடத்தை அல்ல.

அன்று மாலை கருடமங்கலம் பக்கத்தில் ஒரு மணற்கல் சுவரின் முன்னால் எங்களை நிறுத்தினார். சிப்பி எதுவும் இல்லாத சுவர். எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். சுவரில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த குழாய் போனது. அதன் புறம் முழுக்க முத்து முத்தாக உருண்டைகள், மக்காச்சோளக் கதிரைக் கல்லில் பதித்தது போல. உடைந்த இடத்தில் உட்புறம் மட்டும் வழவழப்பாக இருந்தது. "இது எந்த உயிரின் உடம்பு?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "உடம்பு இல்லை, வீடு" என்றார். ஓஃபியோமார்ஃபா என்று அதற்குப் பெயர். இன்றும் கடற்கரை மணலில் ஆழ வளை தோண்டும் ஒருவகை இறாலின் உறவினர்கள் செய்தது. அப்போது அவர் சொன்னதை அன்று இரவே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்: "சங்கு உருண்டு வரலாம். மரம் மிதந்து வரலாம். எலும்பை ஆறு இழுத்து வரலாம். வளை எங்கே போகும்?"

உடம்பின் எச்சத்துக்கும் உயிரின் சுவட்டுக்கும் உள்ள வேறுபாடு அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. கால்தடம், ஊர்ந்த கோடு, மேய்ந்த பாதை, குடைந்த துளை, இறங்கிய வேர் ஆகியவற்றைச் சுவட்டுப் புதைபடிவங்கள் என்கிறோம். செய்த உயிர் யார் என்று பல நேரம் தெரியாது. ஆனால் அது செய்த காரியம், செய்த இடத்திலேயே இருக்கிறது. காரியத்தைப் படித்தால் அந்த இடம் எப்படி இருந்தது என்பது தெரியும்.

அந்த மக்காச்சோளக் குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். இறால் எதற்காக உருண்டை உருட்டிச் சுவரில் ஒட்டியது? என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துளை போடும்போது மேல் மண்ணிலும் மொரம்பிலும் கேசிங் பைப் இறக்குகிறோம். இல்லாவிட்டால் சரிந்து மூடிவிடும். கரும்பாறை வந்ததும் பைப்பை நிறுத்திவிடுகிறோம். அதற்குக் கீழே துளை தானாக நிற்கும். திறந்தவெளிக் கிணறுகளிலும் அப்படித்தான். மண் உள்ள ஆழம் வரை கல் கட்டு, பாறையில் வெறும் வெட்டு. இறாலும் அதே கணக்கைப் போட்டிருக்கிறது. அலையால் ஓயாமல் அசையும் தளர்ந்த மணல் என்றால், சேற்றையும் மணலையும் குழைத்து உருட்டிச் சுவருக்குப் பூச்சு வைக்கிறது. இறுகிய சேறு என்றால் பூச்சு இல்லாமல் வெறுமனே தோண்டிக்கொண்டு போகிறது. அந்த வழவழ வளைக்குத் தலாசினாய்டிஸ் என்று வேறு பெயர். ஒரே வகை உயிர், ஒரே வேலை. தரை மாறியதால் பெயரே மாறிவிட்டது. பாறை இன்று கல்லாகக் கிடக்கிறது. 9 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அது எவ்வளவு இளகியிருந்தது என்பதை அந்தப் பூச்சு சொல்கிறது. போர்வெல் வண்டிகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது.

இன்னொன்றும் உண்டு. வளையின் சுவர் கூர்மையாக, நகம் கீறிய கோடுகளோடு, பூச்சே இல்லாமல் இருந்து, உள்ளே மேலடுக்கின் பருமணல் நிரம்பியிருந்தால், கதை வேறு. சேறு முதலில் புதைந்து இறுகியிருக்கிறது. பிறகு மேலே இருந்தது அரித்துப் போய், இறுகிய தரை மீண்டும் கடலடியில் வெளிப்பட்டிருக்கிறது. அதில்தான் உயிர் தோண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கோட்டில் எவ்வளவு காலம் தொலைந்துபோயிருக்கிறது என்பதை அடுக்குகளை வெறுமனே அளப்பவர் தவறவிடுவார். எண்ணெய் தேடும் நிறுவனங்கள் துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டுகளில் இந்த வளைகளை உன்னிப்பாகத் தேடுவது இதற்காகத்தான்.

களப்பயணம் முடிந்து ஊருக்கு வந்ததும் அம்மாவின் அப்பாவான அப்புச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வியக்கவே இல்லை. அவருக்கு இது புதிதாகப் படவில்லை. ஏன் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்புச்சியின் கொறங்காட்டிலிருந்து ஒரு கிடாரி காணாமல் போனது. கொறங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். யாரோ ஓட்டிப் போய்விட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனார்கள். அப்புச்சி என்னை மட்டும் அழைத்துக்கொண்டு வேலியில் இருந்த சந்து வழியாக இறங்கினார். மண் தடத்தில் குளம்படி இருந்தது. குனிந்து பார்த்து, "கண்ணு, முன்னங்கால் பட்ட இடத்திலேயே பின்னங்கால் பட்டிருக்கிறது பார். மெதுவாக நடந்திருக்கிறாள். யாராவது விரட்டியிருந்தால் பின்னங்கால் தாண்டி விழுந்திருக்கும்" என்றார். குளம்படிக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். முந்தின நாள் பொழுது சாயும்போது தூறல் போட்டிருந்தது. "தூறலுக்கு முன்னால் போயிருக்கிறாள்." இன்னொரு குளம்படிக்குள் குழியானைப் பூச்சி ஒன்று புதிதாகக் குழி பறித்திருந்தது. "தூறல் காய்ந்த பிறகுதான் இவன் குழி பறித்திருப்பான். ஈர மண்ணில் இவனுக்கு வேலை இல்லை." பக்கத்தில் ஆள் தடம் ஒன்றும் இல்லை. இரண்டு கல் தொலைவில் ஓடைக்குள் வேலமர நிழலில் கிடாரி அசைபோட்டுக்கொண்டு நின்றது.

எது எதை வெட்டுகிறது, எது எதன் மேல் இருக்கிறது என்று பார்த்து முன்பின் சொல்வதைத்தான் பாறையிலும் செய்கிறோம். ஒரு வளை இன்னொரு வளையை வெட்டினால் வெட்டியது பிந்தியது. கால் விழுந்த இடைவெளியிலிருந்து வேகம் சொல்லலாம் என்று டைனோசர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர், அது 1976இல். அப்புச்சியிடம் சூத்திரம் இல்லை. ஆனால் பார்த்த பொருளும் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்.

கடலடியில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் ஜெர்மானியரான அடால்ஃப் சைலாகர். 1925இல் பிறந்து 2014இல் மறைந்தார். சுவடுகளை, செய்த உயிரின் பெயரால் பிரிக்காமல் செய்த காரியத்தால் பிரிக்கலாம் என்று 1953இல் காட்டினார்: தங்கியது, குடியிருந்தது, ஊர்ந்தது, மேய்ந்தது, மண்ணைத் தின்றுகொண்டே போனது. பிறகு 1960களில், சில சுவடுகள் எப்போதும் கூட்டாகவே வருகின்றன, அந்தக் கூட்டு ஒரு சூழலின் கையெழுத்து என்று நிறுவினார். புவியியலில் நோபலுக்கு இணையாக மதிக்கப்படும் கிராஃபூர்ட் பரிசு 1992இல் அவருக்குக் கிடைத்தது. எனக்கு அவர் மேல் தனியான பக்தி உண்டு.

அவர் காட்டிய வழியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். கரையோரம் அலை வேகமாக அடிக்கும் இடத்தில் மணல் நிலையாக இருக்காது. உணவு நீரில் மிதந்துகொண்டிருக்கும். அங்கே வாழும் உயிர் செங்குத்தாக ஆழ இறங்கி, வாயை மட்டும் மேலே வைத்து வருவதை வடித்துத் தின்னும். ஆகவே பாறையில் நேர்க்குழாய்கள். சற்று அமைதியான நீரில் உணவு அடியில் படியும். உயிர்கள் கிடைமட்டமாக அலையும், மண்ணைக் கிளறும். ஆகவே பலவகையான கோடுகள், பள்ளங்கள். மிக ஆழத்தில் உணவு அரிது. ஒரு துளியையும் வீணாக்க முடியாது. அங்கே உயிர்கள் மேயும் பாதையைப் பார்த்தால் நம் ஊர் உழவு ஞாபகம் வரும். ஒரு சால் போய், திரும்பி, முதல் சாலை ஒட்டியே அடுத்த சால், மறுபடி திரும்பல். விட்ட இடமும் இல்லை, உழுததையே உழுவதும் இல்லை. மூளை என்று சொல்லத் தக்க எதுவும் இல்லாத ஒரு புழு, இருட்டில், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், ஏர் பிடித்த கை போல அதைச் செய்திருக்கிறது.

இதை ஆழத்தை அளக்கும் கோல் என்று எடுத்துக்கொண்டவர்கள் தடுக்கி விழுந்தார்கள். ஆழ்கடலிலும் மணலை வாரி இறைக்கும் நீரோட்டப் பள்ளங்கள் இருக்கின்றன. அங்கேயும் நேர்க்குழாய்கள் கிடைக்கின்றன. உயிருக்கு எத்தனை மீட்டர் என்பது முக்கியமில்லை. நீர் எவ்வளவு வேகம், சோறு எங்கே, தரை எவ்வளவு உறுதி, மூச்சுக்கு வழி உண்டா என்பதுதான் முக்கியம். ஆழம் என்பது அவற்றிலிருந்து நாம் ஊகிப்பது.

மூச்சு என்றதும் எனக்குக் கிணறுதான் நினைவுக்கு வரும். பாழடைந்த கிணற்றில் தூர்வார இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். சுடர் சுருங்கினால் யாரும் இறங்கக் கூடாது. கடலடிச் சேற்றில் சுவடுகள்தான் அந்த விளக்கு. ஆக்சிஜன் குறையக் குறைய வளைகள் சிறுக்கின்றன, ஆழம் குறைகிறது, வகைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கடைசியில் காண்ட்ரைட்டிஸ் என்ற நூல் போன்ற கிளைவளை மட்டும் நிற்கும். அதுவும் போனபின் சேறு தொடப்படாமல், புத்தகத் தாள் போல மெல்லிய அடுக்கடுக்காக, கறுப்பாகக் கிடக்கும். கிளறுவதற்கு ஓர் உயிரும் இல்லாமல் போனதால்தான் அந்த அடுக்குகள் தப்பின.

அந்தக் காண்ட்ரைட்டிஸுக்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலானோர் அதைக் கடற்பாசியின் படிவம் என்றே நம்பினார்கள். பெயரே பாசியை வைத்து வந்ததுதான். ஸ்வீடனைச் சேர்ந்த நாத்தார்ஸ்ட், புழுக்களையும் பிற உயிர்களையும் ஈரச் சேற்றில் ஊரவிட்டு, அந்தத் தடங்களை அச்செடுத்து, பாசி என்று சொல்லப்பட்ட பலவும் இப்படிப்பட்ட தடங்களே என்று 1881இல் காட்டினார். கிளை பிரிந்தும் கனம் குறையாமல் போனால் அது குடைந்த வழி. கிளை பிரியப் பிரிய மெலிந்தால் வேர். மூலனூர்க் குட்டையில் நான் வைத்துப் பார்த்த அளவுகோல் இதுதான்.

நாத்தார்ஸ்ட் செய்ததை வீட்டிலும் செய்து பார்த்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் நானும் குளத்து வண்டலைச் சலித்து மூன்று தட்டுகளில் பரப்பினோம். ஒன்றில் கூழ் பதம், ஒன்றில் அடை மாவைவிடக் கெட்டியான பதம், ஒன்றில் பாதி காய்ந்து இறுகிய மண். கிணற்றுமேட்டில் பிடித்த ஒரே மரவட்டையை மூன்றிலும் நடக்கவிட்டோம். கூழில் ஒரு வழவழப்பான வாய்க்கால் விழுந்தது. கால் இருந்த அடையாளமே இல்லை. இரண்டாவதில் இரண்டு வரிசையாக ஊசி குத்தியது போல நூற்றுக்கணக்கான புள்ளிகள். மூன்றாவதில் ஒன்றுமே விழவில்லை. மகள் கொஞ்ச நேரம் அந்த மூன்றாவது தட்டையே பார்த்தாள். "அப்பா, ஒன்றும் இல்லை என்றால் யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது, இல்லையா?" என்றாள். அந்த வாரம் முழுவதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சுவடும் ஆகிவிடாது. சேறு காய்ந்து வெடித்த கோடுகள் புழுத்தடம் போலவே நிற்கும். 1998இல் சைலாகரே, இந்திய ஆய்வாளர் போஸ் முதலானோருடன் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தின் விந்தியப் பாறையில் 100 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய புழுத்தடங்கள் இருப்பதாக எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அந்தப் பாறை சுமார் 160 கோடி ஆண்டுப் பழமையானது என்று அளக்கப்பட்டது. அவ்வளவு முற்காலத்தில் அத்தகைய விலங்குகள் இருந்தன என்பதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இதனால் அவர் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. வாழ்நாள் முழுக்கச் சுவடு படித்த கண்ணையே கல் ஏமாற்றும் என்றால், நாம் எவ்வளவு நிதானமாகப் பார்க்க வேண்டும்! உறுதியாக நிற்கும் சுவடுகளின் மதிப்போ பெரியது. பலவகை விலங்குகள் பெருகிய கேம்பிரியன் காலம் எங்கே தொடங்குகிறது என்று 1992இல் உலகம் கூடி எல்லைக்கோடு போட்டபோது, கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் ஒரு கடற்பாறையில், சங்கையோ சிப்பியையோ வைத்துப் போடவில்லை. ட்ரெப்டிக்னஸ் என்ற ஒரு வளையை அடையாளமாக வைத்துத்தான் போட்டார்கள். சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் யாரோ மண்ணுக்குள் கிளை கிளையாகப் போய்வந்த வழி அது.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் அந்த மணற்கல் சுவரைப் பார்க்க மீண்டும் போனேன். சுவர் இல்லை, ஜல்லியாகப் போய்விட்டது. அம்மோனைட் கிடைத்தால் பத்திரப்படுத்தத் தெரிந்த நமக்கு, வளை இருக்கும் கல் வெறும் கல்லாகத்தான் தெரிகிறது. பெயர்த்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் அது பாதி ஊமைதான். எந்த அடுக்கில், எந்தத் திசையில், எதன் மேல் என்பது அதோடு வராது. அங்கே போகிற மாணவர்களுக்கு நான் சொல்வது: பையை நிரப்புவதற்கு முன், சுவரின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். படம் எடுங்கள், அளவெடுங்கள், வரைந்துகொள்ளுங்கள்.

மூலனூர்க் குட்டைச் சுவரையும் அன்று அப்படித்தான் அளந்தேன். அடியில் ஓடை உருட்டிய வெங்கச்சங்கல் சரளை. அதில் உறை இல்லை. அதற்கு மேல் இரண்டடி வண்டல். அதில்தான் வேர் உறைகள், இரண்டு இடங்களில் கரையான் வழிகள். அதன் தலையில் கறுப்புப் பட்டை. மேலே செம்மண். ஓடை அந்த இடத்தில் ஓடியிருக்கிறது. பிறகு விலகிப் போயிருக்கிறது. விலகிய கரையில் மண் தங்கி மரம் முளைத்திருக்கிறது. மழை வரும், நீண்ட கோடை வரும் என்ற பருவம் அப்போதே இருந்திருக்கிறது. ஆண்டெல்லாம் நனையும் காடாக இருந்திருந்தால் சுண்ணாம்பு கரைந்து போயிருக்கும், உறை தங்கியிருக்காது. வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் நெடுக இறங்கியிருக்கின்றன. நீர் கீழே இருந்திருக்கிறது. இன்றைக்கும் இந்த ஊரில் வெள்வேல மரம் அப்படித்தான் வேர் விடுகிறது. எங்கள் பக்கத்தில் நீரோட்டம் பார்க்கும் முதியவர்கள் புற்றையும் மரத்தையும் பார்த்துத்தான் இடம் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி நான் இடம் சொல்வதில்லை என்றாலும், அவர்கள் தேடியது என்ன என்பது அந்தச் சுவரின் முன்னால் எனக்குப் புரிந்தது.

பெரியவர் வடகிழக்கு மூலையை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லிவிட்டார். குட்டையின் கொள்ளளவு குறையும் என்று பொக்லைன்காரர் சொன்னார். "குறையட்டும்" என்றார்.

மாசியில் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஐப்பசி மழையில் நிரம்பிய தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஈரச் சேற்றில் கொக்கு நடந்த தடம், கீரியின் தடம், மண்புழு தள்ளிய சுருள்கள். பெரியவர் தன் பேரனை அழைத்துக்கொண்டு மூலைச் சுவரின் கீழே நின்றிருந்தார். வேர் உறை ஒன்றின் துளைக்குள் குளவி போய் வந்துகொண்டிருந்தது. பாதித் துளையை ஈர மண்ணால் மூடியிருந்தது. மண் இன்னும் காயவில்லை. பையன் கையில் இருந்த குச்சியை அதை நோக்கி நீட்டினான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இரு, அவள் முடிக்கட்டும்" என்றார்.